ஸ்பானர் பிடித்த கையிடம் கேளுங்கள்

போன இதழில் விமானப் பராமரிப்பு வேலை பற்றி நான் எழுதிய சின்னப் பத்திக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை திருகோணமலையிலிருந்தே வந்தவை. ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தாலும், எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: வேலை தெரிந்தவருக்கும் பழகிக்கொண்டிருப்பவருக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்? ரத்மலானையிலும் பிறகு வளைகுடாவிலுமாக 34 வருடம் ஹங்கருக்குள், அதாவது விமானம் பழுது பார்க்கும் கொட்டகைக்குள், கழித்தவன் நான். கண்டதையும் பட்டதையும் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். தனியாகச் செய்தால் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பூட்ட ஒரு நாள் போதும். போன மாதம் ஒரு பொடியனைச் சேர்த்தேன். இப்போது அதே வேலைக்கு ஒன்றரை நாள் போகிறது. இரண்டு பேர் நின்றால் வேலை சுருங்க வேண்டும் அல்லவா? விமான வேலையிலும் இப்படித்தானா?
— எஞ்சின் பாஸ் ஒருவர், திருக்கடலூர்

பதில்: அச்சொட்டாக இப்படித்தான். உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு 1979ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது.

ரத்மலானையில் பயிற்சியாளனாகச் சேர்ந்து இரண்டாவது வாரம். லொக்வயர் கட்டும் வேலை தந்தார்கள். எஞ்சின் அதிர்வில் போல்ட் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, அதன் தலையில் உள்ள துளைக்குள் மெல்லிய கம்பியைக் கோர்த்து, முறுக்கி, பக்கத்துப் போல்ட்டோடு கட்டுவார்கள். அதுதான் லொக்வயர். பார்க்கப் பூமாலை கட்டுவதுபோல இலகுவாக இருக்கும். ஆனால் கம்பி போல்ட்டை இறுக்கும் பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். வழக்கமான கம்பி என்றால் ஓர் அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு. கூடினால் கம்பி களைத்து அறுந்துவிடும், குறைந்தால் தளர்ந்து உராயும். இரண்டிரண்டாக ஆறு போல்ட்டுக்கு எனக்கு ஒரு முற்பகல் முழுவதும் போனது. மூன்று தடவை கட்டினேன். மூன்று தடவையும் மேற்பார்வையாளர் வந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வெட்டி எறிந்தார். நாலாவது தடவை, "தம்பி, கம்பியைப் பார்க்காதே, போல்ட் எந்தப் பக்கம் கழரும் என்று பார்" என்றார்.

அந்த முற்பகலின் வரவேட்டில் இரண்டு பேர் வேலை செய்ததாகத்தான் இருந்திருக்கும். நடந்தது என்ன? என் வேலை முடியவில்லை. அவரும் கையில் எடுத்திருந்த வேலையை நாலு தடவை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். ஏணியில் ஏறி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, மீண்டும் தொடங்கவே ஒவ்வொரு தடவையும் நேரம் போயிருக்கும். பழகுகிறவன் செலவழிப்பது தன் நேரத்தை மட்டும் அல்ல, பக்கத்தில் நிற்கும் கெட்டிக்காரரின் நேரத்தையும்தான். சில வருடங்களுக்குப் பிறகு அதே ஆறு போல்ட்டை நான் கால் மணித்தியாலத்தில் கட்டினேன். அப்போது என் பக்கத்தில் ஒரு புதுப் பொடியன் நின்றான்.

விமான வேலையில் இதற்கு மேலே இன்னொரு சுமையும் உண்டு. உரிமம் இல்லாதவர் செய்த வேலைக்கு, உரிமம் உள்ளவர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால்தான் விமானம் பறக்கலாம். ஒரு மூத்தவருக்கு இரண்டு பயிற்சியாளர் என்றால் சமாளிப்பார். ஐந்து பேரைக் கொடுத்தால் ஒன்று வேலை தேங்கி நிற்கும், அல்லது அவர் பார்க்காமலே கையெழுத்து வைப்பார். இரண்டாவதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்கள் பொடியனுக்கு வருவோம். அவனிடம் எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்காதீர்கள். கார்பரேட்டர் என்றால் கார்பரேட்டர்; பத்துப் பதினைந்து தொடர்ந்து அவனே கழுவிப் பூட்டட்டும். மூலையில் கிடக்கும் பழைய எஞ்சின் ஒன்றை அவனுக்கென்று ஒதுக்குங்கள். வாடிக்கையாளரின் எஞ்சினில் கை வைக்கும் முன், என்ன செய்யப் போகிறான் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும், கழற்றிப் பூட்டத் தேவை இருக்காது. இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்கு உங்கள் ஒன்றரை நாள் ஒன்றரை நாளாகத்தான் இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். அவனை விரட்டிவிட்டு இன்னொருவனைச் சேர்த்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: முகாமைத்துவம் படிக்கிறேன். பராமரிப்பு ஊழியரின் உற்பத்தித்திறனை எப்படி அளப்பது? ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்று பார்த்தால் போதாதா?
— மாணவர் ஒருவர், கோணேசபுரி

பதில்: தம்பி, மணித்தியாலக் கணக்கு வேண்டும்தான். செய்ய வேண்டிய வேலையை எழுதித் தரும் ஒவ்வொரு ஜொப் கார்டுக்கும் இத்தனை ஆள் மணித்தியாலம் என்று மதிப்பீடு உண்டு. அது இல்லாமல் ஹங்கரை நடத்த முடியாது. ஆனால் அதை மட்டும் வைத்து ஆளை எடை போட்டால் ஏமாந்து போவீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

வளைகுடாவில் நான் இரவு வேலையில் இருந்த காலம். ஒரு விமானத்தில், சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று காட்டும் எச்சரிக்கை விட்டு விட்டு வந்தது. இளைஞர் இருவர், நல்ல உழைப்பாளிகள், முதல் இரவு சென்சரை மாற்றினார்கள். தரையில் சோதித்தால் எல்லாம் சரி. கையெழுத்து விழுந்தது, விமானம் போனது. மூன்றாம் நாள் அதே குறை. இந்தத் தடவை அதன் மின்னணுப் பெட்டியை மாற்றினார்கள். சோதித்தால் சரி. பிறகு மறுபடியும் வந்தது. ஜொப் கார்டைப் பார்த்தால், இரண்டு தடவையும் குறித்த நேரத்துக்கு முன்பே முடித்திருக்கிறார்கள்.

மூன்றாம் தடவை எங்களில் மூத்த ஒருவரிடம் வேலை போனது. அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்து, பயணங்களையும் குறைகளையும் எழுதி வைக்கும் விமானத்தின் லொக் புத்தகத்தை இரண்டு வாரத்துக்குப் பின்னோக்கி வாசித்தார். குறை வந்ததெல்லாம் நீண்ட பயணங்களில். குறுகிய பயணங்களில் ஒரு தடவைகூட வரவில்லை. "மேலே உறைகிறது, நாங்கள் பார்க்கப் போகும்போது உருகிவிடுகிறது" என்றார். சக்கரக் குழிக்குள் போய்த் தேடினோம். வயர்களை இணைக்கும் ஒரு கனெக்டருக்குள் ஈரம் ஏறி, அதன் ஊசிகளில் ஒன்று பச்சை பூத்திருந்தது. துடைத்து, புதுச் சீல் போட்டு மூடினோம். அந்தக் குறை பிறகு வரவில்லை. முன்பு கழற்றி அனுப்பிய இரண்டு பாகங்களும் பட்டறையிலிருந்து "குறை எதுவும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பின.

உங்கள் மணித்தியாலக் கணக்கில் அந்த மூத்தவர் முக்கால் மணித்தியாலம் சும்மா இருந்தவர். ஆகவே ஆய்வு செய்வதானால் இவற்றையும் எண்ணுங்கள்: சரி என்று எழுதிய குறை எத்தனை நாளில் திரும்பி வருகிறது, கழற்றி அனுப்பிய பாகங்களில் எத்தனை நல்லவையாகத் திரும்புகின்றன, எத்தனை வேலையைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது, காலையில் எத்தனை விமானம் பிந்துகிறது. அப்புறம் இன்னொன்று: வேலை தொடங்கும் முன் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல தொழிலாளி கார்டை முழுதாக வாசித்து, பாகம், கருவி, ஏணி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டுதான் போவார். பழகாதவர் பாதி கழற்றிய பிறகு ஸ்டோருக்கு ஓடுவார்.

விமானத் தொழிலில் பழக்கத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் டி. பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். ரைட் சகோதரர்களில் ஒருவர் அல்ல, இவர் வேறு. கட்டி முடித்த விமானங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும், ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு ஏறக்குறைய 20 வீதம் குறைகிறது என்று 1936இல் எழுதினார். 100 மணித்தியாலம் 80 ஆகும், பிறகு 64 ஆகும். இது விமானம் கட்டுவதற்கான கணக்கு. பராமரிப்பில் ஒரே வேலை அடுத்தடுத்து வருவதில்லை. இன்று பிரேக், நாளை எரிபொருள் பம்ப், அடுத்த பிரேக் மூன்று வாரம் கழித்து. அதனால் எங்கள் கை மெதுவாகத்தான் தேறும். பயிற்சியாளருக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் இதை மனதில் வைத்து, ஒரே வகை வேலையைத் தொடர்ந்து கொடுத்தால் நிறைய மாதங்கள் மிச்சமாகும்.

தப்பான வேலையின் செலவு அந்த மாதக் கணக்கில் விழுவதும் இல்லை. 1978இல் ஜப்பானில் ஒரு ஜம்போ விமானத்தின் வால் ஓடுதளத்தில் உரசியது. உள்ளேயுள்ள காற்றழுத்தத்தைத் தாங்கி நிற்கும் பின்புறச் சுவரைப் பழுது பார்த்தபோது, இரண்டு வரிசை ரிவிட் (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) தாங்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கும்படி செய்துவிட்டார்கள். ஏழு வருடம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12இல் அந்தச் சுவர் வெடித்து, 520 பேர் இறந்தார்கள்.

கேள்வி: அனுபவம் அனுபவம் என்கிறீர்கள். அனுபவசாலிகள் பிழை விடுவதில்லையா?
— கிண்ணியா வாசகர்

பதில்: விடுகிறார்கள். அதிலும் அவர்கள் விடும் பிழை கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்களை யாரும் சந்தேகிப்பதில்லை.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் எயர்வேஸ் 5390 என்ற விமானம் பர்மிங்காமிலிருந்து புறப்பட்டு 17,000 அடிக்கு மேல் ஏறியபோது, விமானியின் பக்கத்து முன்கண்ணாடி பிய்ந்து போனது. விமானியின் பாதி உடல் வெளியே இழுபட்டது. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தை இறக்கினார். விமானி உயிர் தப்பினார். அந்தக் கண்ணாடியை முந்திய நாள் அதிகாலை மாற்றியவர் அந்த ஷிப்டுக்கே பொறுப்பானவர், பல வருட அனுபவம் உள்ளவர். 90 போல்ட்டில் 84 போல்ட் தேவையான விட்டத்தைவிட 0.026 அங்குலம் மெல்லியவை. மீதி ஆறும் நீளம் குறைந்தவை. பாகப் பட்டியலைத் திறந்து இலக்கம் பார்ப்பதற்குப் பதிலாக, கழற்றிய பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். வழக்கமாகப் போடும் அளவு வேறு என்று ஸ்டோர்காரர் சொன்னதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய போல்ட்டே ஏற்கெனவே தப்பானது என்பது அவருக்குத் தெரியாது.

இதைத் தூரத்துக் கதையாக நான் சொல்லவில்லை. 20 வருடம் கழிந்த பிறகு, பிரேக் மாற்றும்போது நான் கார்டை வாசிப்பதை விட்டுவிட்டேன். எல்லாம் மனப்பாடம். ஒருநாள் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளை ஒருத்தி, "ஐயா, போன மாதத் திருத்தத்தில் இந்த நட்டுக்கு டோர்க் அளவை மாற்றியிருக்கிறார்களே" என்று கார்டை நீட்டினாள். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதுதான் டோர்க். அதற்கான ரென்சில் நான் வைத்திருந்தது பழைய அளவு. வெட்கமாகத்தான் இருந்தது. அவளுக்கு நன்றி சொல்லி, அளவை மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, தெரிந்த வேலைக்கும் கார்டை விரித்து வைத்துத்தான் செய்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது உண்மை. அந்த வேகம் எனக்கு வேண்டியதில்லை.

பெண்பிள்ளைகள் இந்த வேலைக்கு வரலாமா என்று இதே தபாலில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மேலே சொன்னதே பதில்.

கேள்வி: உப்புக்காற்று விமானத்தைப் பாதிக்குமா? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் போய்விடுகிறது.
— வாசகி, நிலாவெளி

பதில்: பாதிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் உங்கள் ஜன்னலில் படியும் அதே உப்புத்தான் சீனக்குடா விமானத் தளத்தில் நிற்கும் விமானத்திலும் படியும். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடி பூக்கும், வண்ணப்பூச்சு கொப்பளிக்கும். அதைக் கழுவிய நீரின் கறை என்று விட்டுவிடுபவரும் உண்டு, விரல் நுனியால் தடவி நிறுத்துபவரும் உண்டு.

1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா 243 விமானத்தின் கூரை, நடுவானில் பல அடி நீளத்துக்குப் பிய்ந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். கடல் காற்றுக்குள் 89,680 தடவை ஏறி இறங்கிய விமானம் அது. தகடுகள் சேரும் இடத்தில் ஒட்டு விட்டு, அரிப்பு ஏறி, ரிவிட் துளைகளைச் சுற்றி வெடிப்புகள் ஓடியிருந்தன. பரிசோதித்தவர்கள் கண்ணில் அது படவில்லை. நூற்றுக்கணக்கான ரிவிட்டை ஒவ்வொன்றாக, இரவில், லைட் பிடித்துப் பார்ப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியும். அந்த அலுப்புக்குள்ளும் நூற்றுப்பத்தாவது ரிவிட்டை முதல் ரிவிட்டைப்போலவே பார்ப்பது தனித் திறமை. அதற்கு எந்த ஜொப் கார்டிலும் கூடுதல் நேரம் தருவதில்லை.

கேள்வி: நான் வாகனத் திருத்தகம் நடத்துகிறேன். ஒரு மூத்த மெக்கானிக்கின் சம்பளத்தில் இரண்டு புதியவர்களை வைக்கலாம். நெருக்கடியான காலத்தில் அது புத்திசாலித்தனம்தானே?
— தொழில் நடத்துநர், உவர்மலை

பதில்: வேண்டாம் என்பேன். ஓர் உதாரணம் சொல்கிறேன், ஆட்பலம் குறைவில்லாத இடத்திலிருந்தே.

அமெரிக்க விமானப்படையில் பராமரிப்பு ஊழியருக்குத் திறன் இலக்கம் உண்டு. 3 என்றால் பயிற்சியாளர், 5 என்றால் வேலை தெரிந்தவர், 7 என்றால் மேற்பார்வை செய்யும் அளவுக்குத் தேர்ந்தவர், அதற்கு மேல் 9. 2015இல் அவர்களுக்கு ஏறக்குறைய 4,000 பேர் பற்றாக்குறை. ஆள் சேர்த்தார்கள், எண்ணிக்கை பெருமளவுக்கு நிரம்பியது. ஆனால் வந்தவர்கள் 3ஆம் இலக்கம். காலியாக இருந்தவை 5உம் 7உம். புதியவர்களைப் பழக்குவதற்கும், அவர்கள் வேலையைப் பார்த்துச் சரி சொல்வதற்கும், நாளாந்த விமானங்களை ஓட்டுவதற்கும் அதே மிச்சமிருந்த மூத்தவர்கள்தான். மூத்தவர் ஒருவரைச் சந்தையில் வாங்க முடியாது. ஐந்து ஏழு வருடம் முன்பு பழக்கத் தொடங்கியிருந்தால்தான் இன்று அவர் இருப்பார்.

உங்களிடம் இருக்கும் மூத்தவர் போனால், அவர் சம்பளத்தில் வரும் இரண்டு பேருக்கும் யார் சொல்லிக் கொடுப்பது? நீங்களா? அப்படியானால் உங்கள் நேரத்துக்கும் ஒரு விலை போட்டுப் பாருங்கள். அவரை வைத்துக்கொண்டு ஒரு புதியவரைச் சேருங்கள். பழக்குவதற்கென்று அவருக்குச் சின்னத் தொகை கூட்டிக் கொடுங்கள்.

கேள்வி: உயர்தரம் முடித்த மகன் விமானப் பராமரிப்புப் படிக்கப் போகிறான். இரண்டு வருடத்தில் உழைக்கத் தொடங்கிவிடுவான் என்று படிப்பிக்கிற இடத்தில் சொல்கிறார்கள். நகையை ஈடு வைத்துத்தான் கட்டணம் கட்ட வேண்டும். நம்பலாமா?
— தாய் ஒருவர், லிங்கநகர்

பதில்: தங்கச்சி, சம்பளம் என்று ஒன்று இரண்டு வருடத்தில் கிடைக்கக்கூடும். ஆனால் அது பயிற்சியாளர் சம்பளம். இதைத் தெரிந்துகொண்டு நகையைத் தொடுங்கள்.

நம் இலங்கையில் உரிமம் தருவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. வளைகுடாவிலும் வேறு பல இடங்களிலும் மதிக்கப்படுவது ஐரோப்பிய விதிமுறை உரிமம். அதில் எஞ்சின், உடல் சார்ந்த பி1 பிரிவுக்கும், மின்னணு சார்ந்த பி2 பிரிவுக்கும் பாடத் தேர்வுகளில் 75 வீதம் எடுக்க வேண்டும். அதற்கு மேல், அங்கீகாரம் பெற்ற முழுப் பயிற்சி படித்தவருக்கு இரண்டு வருடமும், தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாமல் வருபவருக்கு ஐந்து வருடமும் பறக்கும் விமானங்களில் வேலை செய்த அனுபவம் வேண்டும். பெரிய விமானம் என்றால் ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் பயிற்சியும் உண்டு. ஆகவே படிப்பிக்கிற இடத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்தப் படிப்பு உரிமத் தேர்வுக்கு அங்கீகாரம் பெற்றதா, எழுத்தில் காட்டுவார்களா? அனுபவம் பெற எந்த ஹங்கரில் இடம் வாங்கித் தருவார்கள்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம். தேர்வில் தேறிய பிறகு ஹங்கர் கிடைக்காமல் கடையில் நிற்கும் பிள்ளைகளை நான் அறிவேன்.

உரிமம் கிடைத்த பிறகும், முந்திய இரண்டு வருடத்துக்குள் குறைந்தது ஆறு மாத வேலை அனுபவம் இல்லாவிட்டால் கையெழுத்து வைக்க முடியாது. கை விட்டுப் போகும் என்று விதி எழுதியவர்களுக்கே தெரியும்.

மகன் முதல் இரண்டு மூன்று வருடம் ஹங்கரில் பெரிதாக எதையும் செய்து முடிக்க மாட்டான். கூட்டுவான், துடைப்பான், லைட் பிடிப்பான், மூத்தவரின் நேரத்தைத் தின்பான். அதற்காக அவனை யாரும் ஏசினால் வீட்டுக்கு வந்து அழக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். என் அப்பா, ஆங்கிலேயர் 1957இல் திருகோணமலையிலிருந்து போகும்வரை அவர்களுடைய கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். கருவிப் பெட்டியை மூடும் முன் ஒவ்வொரு கருவியாக எண்ணுவார், வீட்டிலும்கூட. ஹங்கரில் ஒரு ஸ்பானர் காணாமல் போனால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது. அந்தப் பழக்கத்தை மகன் இப்போதே சைக்கிள் திருத்தும்போது தொடங்கலாம்.

முதல் நாள் கொண்டு போக ஒரு சின்ன டோர்ச்சும் ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுங்கள். அன்றன்று எந்த வேலை, எவ்வளவு நேரம், எங்கே பிழை வந்தது என்று இரவில் எழுதட்டும். 1979இல் நான் எழுதத் தொடங்கிய கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்த ஆறு போல்ட் கதைதான். பத்திரிகை அலுவலகத்தில் சொன்னால் என் விலாசம் தருவார்கள். புறப்படும் முன் ஒரு பின்னேரம் மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன்.